குத்தாலிங்கம் பேர்ல ஓடுறது

செத்தவர் பேர்ல ஒரு வேலையும் ஓடக்கூடாதுன்னு நிர்வாகம் பாக்குற ஏ.ஓ. மேடம் சொன்னப்போ ஞானதுரைக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு, இந்த ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணுற ரிப்போர்ட்டுலருந்து பார்மசி பில்லு வரைக்கும் செத்தவன் பேர்லதான ஓடுது, உயிரோட இருக்கிறவங்க பேர்ல ஓடுறது கேண்டீன் ஒண்ணுதான், அதுவும் நொண்டி நொண்டி. "மிஸ்டர் ஞானதுரை, ஆடிட்டுக்கு வாரவங்க கேப்பாங்கல்லா? ஒரு டெட் பெர்சன் எப்படி டெய்லி லாகின் பண்ணுதாருன்னு? நான் என்ன சொல்ல? ப்ரேயர்ல வாராருன்னு சொல்லவா?" மேடம் கேள்வி கேக்கும்போது மூக்குக்கண்ணாடி நூலளவு கீழ எறங்கும், கடைசி வார்த்தை மூக்குக்குள்ள போயி முட்டிக்கிட்டு நிக்கும். முன்னயா இருந்தா ரூமை விட்டு வெளிய வந்த உடனே ரிசப்ஷன் பிள்ளைங்க முன்னால கண்ணாடியே இல்லாம அந்தக் கண்ணாடியை எறக்கிக் காட்டியிருப்பாரு, பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு மேசைக்குக் கீழ போயிருப்பாங்க. இப்ப செய்யல. சித்திரை மாசத்துக்கு அப்புறம் யாரை மாதிரியும் செஞ்சு காட்டல. நேரா எக்ஸ்ரே ரூமுக்குப் பின்னால, மாடிப்படிக்கு அடியில இருக்கிற சர்வர் ரூமுக்குப் போனாரு, ஏசியும் மிஷினும் சேந்து ஒரே சுருதியில இரைஞ்சுக்கிட்டு இருக்கிற ரூமு, ரெண்டு நாற்காலி, ஒண்ணு அவருது, இன்னொண்ணு கூட வேலை பாத்த குத்தாலிங்கத்தோடது, அதுல இப்ப பழைய கீபோர்டுகளை அடுக்கி வச்சிருக்கு, யாரும் தெரியாம உக்காந்திரக் கூடாதுன்னு அவரேதான் அடுக்கி வச்சது. உக்காந்து, குத்தாலிங்கம்ங்கிற பேரைத் தேடி, பாஸ்வேர்டை மாத்தினாரு. ஒரு வீட்டுக்குப் பூட்டு மாத்துற மாதிரித்தான், அதுல என்ன இருக்கு. அந்த வீட்டுக்குள்ள எத்தனை பேரு பழைய சாவியை மடியில வச்சிக்கிட்டுப் போக வர இருக்காங்கன்னு அந்த நேரத்துல தோணல. கம்ப்யூட்டருக்குள்ள ஆளே உக்காராம ராப்பகலா ஓடுற வேலைக்கு சர்வீஸ்னு பேரு. ஆள் உக்காராட்டாலும் யாராவது ஒரு ஆளோட பேர்லதான் அது ஓடணும், பேரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போனாத்தான் மிஷின் உள்ள விடும். அதுக்குன்னு ஆளில்லாத ஒரு பொதுப்பேரு போட்டு வைக்கணும்ங்கிறது இந்தத் தொழில்ல பாலபாடம். குத்தாலிங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். "இப்போதைக்கு எம்பேர்ல போட்டு வைக்கேன்டே, அப்புறம் மாத்திக்கிடலாம்"னு ஒவ்வொண்ணா தன் பேர்ல போட்டுக்கிட்டே போனான். அந்த அப்புறம் வாரதுக்கு முந்தி ஒருநாள் காலம்பற பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சுட்டான், வாயில நுரையோட.

டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள ஒண்ணொண்ணா விழ ஆரம்பிச்சிருச்சு. பார்மசி பில்லு நின்னுச்சு. ஸ்கேன் படம் நின்னுச்சு. லேப் ரிப்போர்ட்டு லேப்போட நின்னுச்சு. இன்டர்காம்ல சிஸ்டர் கிரேஸ்லின், நாகர்கோவில்காரி, குழந்தைங்க வார்டு: "சாரே, எனக்க வார்டுக்கு ஒரு ரிப்போட்டும் வரல்ல கேட்டியளா? லேப்புக்கும் வார்டுக்குமா நடந்து எனக்க முட்டு தேஞ்சு போச்சு. இங்க வயித்தாலப் போயி ஒரு கொச்சு கெடக்கு, ரத்தத்துல உப்பு எவ்வளவுன்னு டாக்டரு தலையில ஏறி நிக்காரு, நான் பறந்தா வர முடியும்?" பாத்துருதேன் சிஸ்டர், இந்தா பாத்துருதேன். ஒவ்வொரு சர்வீஸா தெறந்தாரு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் யார் பேர்லன்னு ஒரு கட்டம், கட்டத்துல குத்தாலிங்கம், அதுக்குக் கீழ கருப்புப் புள்ளி வரிசையா, அதை அழிச்சிட்டுப் புதுசை ரெண்டு தடவ போடணும், ஒருதடவ போட்டா மிஷின் நம்பாது. குத்தாலிங்கம், புள்ளி புள்ளி புள்ளி, புள்ளி புள்ளி புள்ளி, சரி. அடுத்தது. குத்தாலிங்கம். வாய்க்கரிசி போட்டப்பவும் இப்படித்தான், கையில அள்ளி ஒருதடவ, அது வாயில விழாமக் கழுத்துல சரிஞ்சு, திரும்ப ஒருதடவ. சர்ச்சுக்குப் போற வேதக்காரரு போடலாமான்னு ஒரு பெரியவரு இழுத்தாரு, செண்பகவல்லிதான், குத்தாலிங்கத்துப் பொண்டாட்டி, தலையத் தூக்காமலே "அண்ணன் போடட்டும்"னா. அந்தப் பொம்பள முகத்தை அன்னைக்கு இவரு பாக்கல. அதுக்கப்புறம் அந்தத் தெருப்பக்கம் போகல. அன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல நிக்கும்போதுதான் அது நடந்துச்சு, அதை நெனைக்கக் கூடாது, பார்மசியைப் பாரு, பார்மசி எந்திரிச்சிருச்சு, ஸ்கேனைப் பாரு. அன்னைக்கு அந்த வாசல்ல நிக்கும்போது மதுரையிலருந்து பிரிண்டர் ஏஜென்சிக்காரரு போன் பண்ணாரு, குத்தாலிங்கம் சார் லைனு கெடைக்கலியேன்னு, இவரு கொஞ்சம் ஒதுங்கிப் போயி, சார் இல்லங்க, காலைல தவறிட்டாருன்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தாரு. தெறந்தா வந்தது குத்தாலிங்கத்தோட கொரலு. நெஞ்சுக்குழியிலருந்து சாக்கை இழுத்துட்டு வார மாதிரி அந்தக் கட்டக்கொரலு, வார்த்தைக்கு வார்த்தை நடுவுல அந்த மூச்சு, எல்லாம் அப்படியே. "குத்தாலிங்கம்… காலம்பற… தவறிட்டான்." மதுரைக்காரரு சிரிச்சாரு. "என்ன சார் காலங்காத்தால வெளையாடுறீங்க, இன்வாய்ஸ் அனுப்பட்டா?" இவரு போனைக் கட் பண்ணிட்டு சாமியானா கம்பைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. வேணும்னு செய்யல. கொரலைப் பிடிக்கிறதுன்னா அவருக்குத் தெரியும், இருவது வருசமா கோயில் கொடை, சர்ச் அசனம், ஆஸ்பத்திரி ஆண்டு விழான்னு மேடையேறுன ஆளு, தொண்டைய எப்படி நெறிக்கணும், நாக்கை எங்க ஒட்டணும், மூச்சை எங்க நிறுத்தணும்னு ஒவ்வொண்ணா திருகி வைக்கணும், அது ஒரு வேலை. அன்னைக்கு ஒண்ணுமே திருகல. அதுவா வந்துச்சு. வந்துட்டுப் போனாத் தேவலை, போகல, தூங்கி எந்திரிச்சு மொத வார்த்தை பேசுறதுக்கு முந்தி செருமும்போது தெரியும், உள்ள உக்காந்திருக்கு. அதான் இப்பல்லாம் வீட்டுல "அந்தத் தண்ணியை எடு"ன்னுகூட மெல்ல, கிசுகிசுன்னு. "என்னங்க, தொண்டை கட்டுதா?"ம்பா வீட்டுக்காரி. ஆமா கட்டுது.

லேப்பும் எந்திரிச்சிருச்சு. கிரேஸ்லின் "ஏசுவே ஸ்தோத்திரம்"னு வச்சிட்டா. மனுசன் முதுகைச் சாச்சு ஒரு மூச்சு விடுறதுக்குள்ள திரும்ப எல்லாம் விழுந்துச்சு, இந்தவாட்டி ஒண்ணொண்ணா இல்ல, மொத்தமா, கரண்டு போன மாதிரி. பாத்தா, பாஸ்வேர்டு தப்புன்னு இல்ல. வேற சொல்லுது. இந்தப் பேரு பூட்டியிருக்குங்குது. யாரோ தப்பான பாஸ்வேர்டை திரும்பத் திரும்பப் போட்டிருக்காங்க, அதனால பேரையே பூட்டிட்டேன்னு சொல்லுது. பூட்டைத் தெறந்து விட்டாரு. ஓடிச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சாரு. பூட்டிக்கிட்டு. தெறந்தாரு. பூட்டிக்கிட்டு. எவனோ வெளிய நின்னு பழைய சாவியைப் போட்டு ஆட்டிக்கிட்டே இருக்கான். லேப் சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டாரு. மெட்ராஸ் பையன், வாயில ஏதோ மென்னுக்கிட்டே, "சார், ஒன்ஸ் ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" பண்ணியாச்சு தம்பி, வேற பேர்ல மாத்திரலாம்லா? "சார், லைசென்ஸு அந்த யூசர் நேம்லதான் சார் இருக்குது, சேஞ்ச் பண்ணணும்னா ரெக்வெஸ்ட் போட்டு, அப்ரூவல் வந்து… அந்த குத்தாலிங்கம் சார்கிட்டயே கேட்டுக்குங்களேன் சார், அவருதான் இன்ஸ்டால் பண்ணாரு, அவருக்கு எல்லாம் தெரியும்." அவருக்கு எல்லாம் தெரியும். சரி தம்பி, அவருகிட்டயே கேட்டுக்கிடுதேன். போனை வச்சிட்டு அந்தக் கீபோர்டு குமிஞ்சிருந்த நாற்காலியைப் பாத்தாரு, பாத்த உடனே பாத்திருக்கக் கூடாதுன்னு தோணுச்சு, ஏசி காத்துல ஒரு கீபோர்டு வயரு தொங்கி லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு, அது எப்பவும் ஆடுறதுதான், காத்துதான், கால் மேல கால் போட்டு ஆட்டுற மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்ல, காத்துதான்.

தேடுனாரு. தட்டுறது யாருன்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல, எங்கயாவது ஒரு மிஷினுக்குள்ள பழைய பாஸ்வேர்டு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைத் தொடைச்சா சரி. ரிசப்ஷனுக்குப் போனாரு, அக்கவுண்ட்ஸுக்குப் போனாரு, எக்ஸ்ரேக்குப் போனாரு, டயாலிசிஸ்ல பழைய டப்பா ஒண்ணு கெடந்துச்சு அதையும் தெறந்து பாத்தாரு. ஒண்ணுலயும் இல்ல. ஒவ்வொரு ரூமுக்குப் போறப்பவும் மனசுக்குள்ள ஒரு மூலையில தெரியுது, இங்க இருக்காதுன்னு. எங்க இருக்கும்னும் தெரியுது. தெரிஞ்சே அந்தப் பக்கம் போகாம ஊரைச் சுத்துதாரு, பல்லு வலிக்கிறவன் நாக்கை அந்தப் பல்லு மேல படாம மத்த எல்லாப் பல்லையும் தடவுற மாதிரி. பழைய பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளு உலகத்துலயே ரெண்டு பேருன்னு குத்தாலிங்கம் சொல்லுவான். "நானும் எம்பொண்டாட்டியும்டே. ஏன்னா அது அவ பொறந்தநாளு, மறந்தா அவளைக் கேட்டுக்கிடுவேன்." பொறந்தநாளைப் பாஸ்வேர்டா வச்சிருந்தானே தவிர பொறந்தநாளுக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போனான்னு சொல்ல முடியாது. தினம் சாயங்காலம் சர்வர் ரூம் லேண்ட்லைன் அடிக்கும், செண்பகவல்லிதான், எப்ப வாரீங்கன்னு கேக்க. இவன் ஏதாவது ஒரு மிஷின் வயித்தைத் தெறந்து போட்டு அதுக்குள்ள தலையக் குடுத்திருப்பான். "எலே ஞானம், நீ பேசிரு." நான் என்னத்தப் பேச? "நான் பேசுற மாதிரி பேசு. ஊரையே ஏமாத்துத, எம்பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியாதா?" மொதல்ல அது ஒரு வெளையாட்டு, இவரு கொரலைக் கட்டையாக்கி, மூச்சை விட்டு விட்டு, ஏளா, இன்னைக்கு லேட்டாகும், வேலை கெடக்குன்னு பேச, அவன் மிஷினுக்குள்ள தலையை வச்சிக்கிட்டே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். அப்புறம் வெளையாட்டு போயி வழக்கமாயிருச்சு. சிரிக்கிறதை நிறுத்திட்டான். மணி அடிச்சா எடுக்க வேண்டியது ஞானதுரைதான்னு ஆகிப்போச்சு. எத்தனை சாயங்காலம். அந்தப் பொம்பள அன்னைக்கு நடந்தது, பால்காரன் வராதது, பிள்ளைக்கு மார்க்கு கொறஞ்சது எல்லாம் சொல்லும், இவரு அவனா இருந்து கேட்டுக்கிட்டு நிப்பாரு. இதை எப்படி ஒரு மனுசிகிட்ட போயிச் சொல்ல, சொல்லாமத்தான் எப்படி முகத்தைப் பாக்க. அதான் பாக்கல. அதான் தெருப்பக்கம் போகல. கிரேஸ்லின் மாடிப்படியில எதுக்கால வந்தா, கையில ரிப்போர்ட்டுக் காகிதம், மூச்சு வாங்குது. "சாரே, நீங்க ஒரு மிமிக்ரியாவது செய்யும், எனக்க கோவமாவது தீரட்டு." அந்தக் கொச்சு எப்படி இருக்குன்னு கேட்டாரு, கிசுகிசுன்னு. "உப்பு கொறஞ்சு கெடக்கு. இந்தக் காகிதம் அங்க போனாத்தான் அடுத்த பாட்டில ஏத்த முடியும், அடுத்த காகிதத்துக்கு திரும்ப நான் ஓடணும். சீக்கிரம் பாரும் சாரே."

திரும்பி வந்து, கடைசியா, மெயில் மிஷினைத் தெறந்தாரு. இருந்துச்சு. குத்தாலிங்கம், அதுக்குப் பக்கத்துல கைபேசின்னு சின்னப் படம், அதுக்குப் பக்கத்துல, கடைசியா வந்தது: இப்போது. அந்த இப்போதுங்கிறதைப் பாத்து உக்காந்திருந்தாரு. மூணு மாசமா மண்ணோட மண்ணாயிட்ட ஆளு, கடைசியா வந்தது இப்போது. அவனோட போனு எங்கயோ சார்ஜ் ஏறி உயிரோட கெடக்கு, ஆஸ்பத்திரி மெயிலை எடுக்கப் பாக்குது, மெயில் மிஷின் பாஸ்வேர்டு கேக்குது, அது பழசைக் குடுக்குது, குடுக்கக் குடுக்க பேரு பூட்டிக்கிடுது, பேரு பூட்டுனா லேப்பு விழுது, லேப்பு விழுந்தா கிரேஸ்லின் ஓடுதா. மெயிலையே மூடிறலாம்னா லேப் ரிப்போர்ட்டும் அந்த மெயில் வழியாத்தான் போகுது. அந்தக் கைபேசியை மட்டும் நிறுத்த, மேனேஜ்மென்ட் மலிவா வாங்கிப் போட்ட சாப்ட்வேர்ல ஒரே ஒரு பட்டன்தான். கருவியை அழி. அது திருட்டுப் போன போனுக்குன்னு வச்சது, அமுக்கினா அங்க இருக்கிற போன்ல மெயிலு மட்டும் போகாது, படம், பேசிப் பதிஞ்சது, அனுப்புனது, வந்தது எல்லாத்தையும் வழிச்சுத் தொடைச்சு கடையில வாங்குன மாதிரி ஆக்கிரும். மேடத்துக்குப் போன் போட்டாரு. "அதானே சொன்னேன், ஒரு பட்டன் இருக்குல்லா? பிரஸ் இட். ஹாஸ்பிட்டல் டேட்டா இருக்கிற போனு, அதை வச்சிருக்கிறதே தப்பு. அங்க பேஷன்ட் வெயிட்டிங். சென்டிமென்ட் பாக்காதீங்க மிஸ்டர் ஞானதுரை, ஆர் யூ தேர்?" இருக்கேன் மேடம். சுட்டியைப் பட்டன் மேல கொண்டுபோயி வச்சாரு. அம்பு ஒரு சின்ன வெரலா மாறிச்சு. அமுக்கினா ஒரு சத்தமும் இருக்காது, யார் அமுக்குனதுன்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியாது, போனு பழசு, கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக்கிடும், கடைக்காரன்கிட்டக் கொண்டுபோயி குடுத்து, ஒண்ணும் எடுக்க முடியாதும்மான்னு அவன் சொல்ல, திரும்ப அதைக் கையிலயே வச்சிக்கிட்டு பஸ் ஏறி. அந்த பஸ்ல செண்பகவல்லி உக்காந்திருக்கிற இருப்பு அப்படியே தெரிஞ்சுது, ஜன்னலோரம், மடியில போனு. ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சுது. அமுக்காட்டா போன் பண்ணணும். போன் பண்ணுனா பேசணும். வாயைத் தெறந்தா எந்தக் கொரலு வரும்? இழவு வீட்டு வாசல்ல வந்தது இப்ப வந்துச்சுன்னா? தாலி அறுத்த பொம்பள காதுல அவ புருசன் கொரலு போயி விழுந்துச்சுன்னா? சுட்டியை விட்டுக் கையை எடுத்து ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சிக்கிட்டாரு. இன்டர்காம் அடிச்சுது. எடுக்கல. லேண்ட்லைனை எடுத்தாரு, செண்பகவல்லி நம்பரை வெரலு தானா போட்டுச்சு. மணி ஒண்ணுகூட முழுசா அடிக்கல.

"அலோ?"

ஞானதுரை வாயைத் தெறக்கல.

"அலோ? ஆஸ்பத்திரியா? இது ரூம் நம்பருதான? யாரு?"

"ஞானம்மா," கிசுகிசுப்பு, காத்துதான் வந்துச்சு. "ஞானதுரை."

"அண்ணனா. பயந்துட்டேன். அந்த நம்பரைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஏண்ணே மெதுவாப் பேசுதீங்க, ஒடம்புக்கு என்ன?"

"தொண்டைம்மா. ஒண்ணுமில்ல. ஒரு விசயம் கேக்கணும். அவன் போனு… உங்கிட்ட இருக்கா?"

"இருக்கு. கையிலதான் இருக்கு. அண்ணே, நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன். காலைலருந்து இது ஒரு மாதிரி பண்ணுது. பாஸ்வேர்டு போடு, பாஸ்வேர்டு போடுன்னு கேக்குது. இத்தனை நாளா சும்மா கெடந்த போனுண்ணே. இன்னைக்குன்னு கேக்குது. நான் போட்டேன். தப்புங்குது. எம்பொறந்தநாளுதாண்ணே, எனக்குத் தெரியாதா? திரும்பப் போட்டேன். தப்புங்குது. அடுப்பை அணைச்சிட்டு உக்காந்து போட்டுக்கிட்டே இருக்கேன். அவரு வெளிய நின்னு கேக்குற மாதிரி இருக்கு, நான் உள்ள இருந்துக்கிட்டு தெறக்கத் தெரியாம…"

ஞானதுரை கண்ணை மூடுனாரு. மிஷின் இல்ல. மிஷின் தட்டல. இத்தனை நேரமும் அவ வெரலு.

"நாந்தாம்மா மாத்துனேன்."

"நீங்களா."

"ஆபீஸ்ல மாத்தச் சொன்னாங்க. நீ போடப் போட இங்க எல்லாம் நிக்குது, வார்டுல ஒரு பிள்ளைக்கு ரிப்போர்ட்டு போகல. அதுல இருக்கிற ஆஸ்பத்திரி மெயிலை மட்டும் எடுத்துரணும். மத்தது எதையும் தொட வேண்டாம், படமெல்லாம் அப்படியே இருக்கும். நீ எடுக்காட்டா நான் இங்கருந்து மொத்தமா அழிக்கணும், அது எனக்கு… எனக்கு முடியாது."

"எடுத்துட்டா இது கேக்காதா?"

"கேக்காது."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்."

அந்தப் பக்கம் ஒரு மூக்குறிஞ்சல், தெருவுல ஏதோ ஒரு வண்டி ஹாரன். ஞானதுரைக்குத் தொண்டைக்குள்ள அது எழும்பி நிக்கிறது தெரிஞ்சுது, அந்தக் கட்டை, அந்த மூச்சு, கதவுக்குப் பின்னால நிக்கிற ஆளு மாதிரி, எச்சியை முழுங்கி முழுங்கி அமுக்கிக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. சாயங்காலம் சாயங்காலம் இந்த நம்பருக்கு அடிப்பேம்லா. பாதி நாளு நீங்கதான பேசுனீங்க?"

எந்தப் பொய்யும் ஆப்புடல.

"உனக்கு எப்படிம்மா…"

"கொரலு அச்சா அவரு கொரலுதான். அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது." செண்பகவல்லி லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. "ஆனா அவரு சாப்ட்டியான்னு கேட்டதே இல்லண்ணே. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒருநாக்கூட. நீங்க வைக்கும்போது ஏளா சாப்ட்டியான்னு கேட்டுட்டு வைப்பீங்க. மொத நாளே தெரிஞ்சு போச்சு. அவருகிட்ட சண்டை போடணும்னுதான் நெனைச்சேன். மறுநாளும் கேட்டீங்க. சரி, யாராவது கேக்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்படிக் கேட்டது ஞானதுரைக்கு ஞாபகமே இல்ல. இருவது வருச மேடையில ஒரு வார்த்தை கூடக் கொறைய போனதில்லன்னு பேரு எடுத்த ஆளு. போனை வைக்கும்போது வீட்டுக்காரிகிட்ட கேக்குற பழக்கம், அது வாயிலருந்து அதுவா விழுந்திருக்கு, தெனம், அவன் கொரலுக்குள்ள இருந்து, இவரு.

"இப்ப ஒருதடவ அப்படிக் கேளுங்க. எடுத்துருதேன்."

கேக்கத்தான் வாயைத் தெறந்தாரு. வாடே, இத்தனை நாள் கூப்பிடாமலே வந்தியே, இப்ப வா, இப்ப வரலாம். நெஞ்சுக்குழியைத் தளத்தி விட்டாரு, நாக்கைப் பின்னால இழுத்தாரு, மூச்சை நிறுத்தினாரு. கதவைத் தெறந்து பாத்தா வெளிய யாரும் இல்ல. வந்தது ஒரு மெல்லிசான, கீச்சின்னு, மேடையில ஒருநாளும் ஏறாத கொரலு, அது யாரு கொரலுன்னு அவருக்கே ஒரு நொடி புரியல.

"சாப்ட்டியாம்மா?"

"இல்லண்ணே. காலைலருந்தே ஒண்ணும் சாப்பிடல"ன்னா, சண்டைக்கு வார மாதிரி. அப்புறம் மூக்கைத் தொடைச்சிக்கிட்டு, "சொல்லுங்க. எங்க போகணும்?"

"செட்டிங்ஸ்ல போ. அக்கவுண்ட்னு இருக்கும். அதுல ஆஸ்பத்திரி பேரு. கீழ வா. இன்னும் கீழ. செவப்பா ஒண்ணு தெரியுதா?"

"தெரியுது. அவரு பேரு போட்டு, எடுத்துரவான்னு கேக்குது." மூச்சு. "அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

திரையில குத்தாலிங்கம், கைபேசி, இப்போது. ஞானதுரை அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சத்தமே இல்லாம அந்த வரி போச்சு, கீழ இருந்த வரி மேல ஏறி அந்த எடத்துல உக்காந்துக்கிட்டு. யாரோ ஒரு டாக்டரு பேரு.